பனிப்பாதையும் பளிங்குத் தரையும்

"ஹஸ்கியா, மாலமியூட்டா - நம் வீட்டுக்கு எது ஏற்றது?"

கேள்வி சிறியது. இரண்டும் நாய்கள். இரண்டும் பனி சூழ்ந்த வடபுலத்திலே உருவானவை. இரண்டுக்கும் அடர்ந்த உரோமம், நிமிர்ந்த செவி, முதுகின்மேல் வளைந்து நிற்கும் வால், ஓநாயை நினைவூட்டும் முகம். குளிர் மிகுந்த ஊர்களிலே வாழும் குடும்பத்தினர், பிள்ளைகள் விரும்புகிறார்கள் என்பதற்காகவோ, தனிமை வாட்டுகிறது என்பதற்காகவோ ஒரு நாயை வளர்க்க எண்ணும்போது, இந்த இரண்டுக்கும் நடுவே நின்று தயங்குகின்றனர். எது அழகு, எது அடக்கம், எது பிள்ளைகளிடம் பரிவு காட்டும், எது செலவு குறைவு என்று கணக்குப் போடுகின்றனர்.

இதற்கு ஒரு கட்டுரையா? அறம் பற்றியும் அறிவு பற்றியும் பேச வேண்டிய ஏட்டிலே நாயைப் பற்றியா பேச்சு - என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும்! ஒரு மனிதனின் அறம் எத்தகையது என்பதை, அவன் மேடையிலே முழங்கும்போது அளந்துவிட முடியாது. தன்னை எதிர்த்துப் பேச வாயற்ற, தன்னைவிட்டு ஓட வழியற்ற ஓர் உயிர் அவன் கையிலே வந்து சேரும்போது அவன் எவ்விதம் நடந்துகொள்கிறான் என்பதிலேதான் அந்த அளவு தெரியும். நாற்காலி வாங்குகிறோம், தேர்வு தவறிவிட்டால் நட்டம் நமக்கு, நாற்காலிக்கு அல்ல. துணி வாங்குகிறோம், நிறம் பொருந்தாவிட்டால் வருத்தம் நமக்கு, துணிக்கு அல்ல. ஆனால், ஓர் உயிரை வாங்கும்போது நிலைமை தலைகீழாகிவிடுகிறது. தேர்ந்தெடுப்பவர் ஒருவர், தேர்வு தவறினால் தண்டனை பெறுவதோ இன்னொருவர்! அந்த இன்னொருவருக்குத் தேர்விலே பங்கில்லை, வாக்கில்லை, மறுக்கும் உரிமையும் இல்லை. இப்படிப்பட்ட இடத்திலே அறம் பேசாமல் வேறு எங்கே பேசுவது?

முதலில் உண்மைகளை அறிவோம். அறியாமல் செலுத்தும் அன்பு, கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டும் வண்டி போன்றது. ஓட்டுபவர் நல்லவராகவே இருக்கலாம். வண்டி பள்ளத்திலே விழுவதை அவருடைய நல்ல மனம் தடுத்துவிடாது.

வடதுருவத்தை ஒட்டிய நிலத்திலே மனிதனும் நாயும் சேர்ந்து உழைத்த வரலாறு மிகப் பழமையானது. கிழக்கு சைபீரியக் கடலிலே உள்ள ஜோகோவ் தீவில் கிடைத்த, ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட நாயொன்றின் மரபணுவை ஆராய்ந்து 2020-ஆம் ஆண்டு அறிஞர்கள் முடிவுகளை வெளியிட்டனர். இன்றைய பனிச்சறுக்கு வண்டி நாய்களுக்கும் அந்தப் பழங்கால நாய்க்கும் நெருங்கிய உறவு இருப்பது தெரிந்தது. மன்னர்கள் தோன்றாத காலம். மதங்கள் தோன்றாத காலம். எழுத்தும் ஏடும் தோன்றாத காலம். அன்றே அந்த நாய்கள் மனிதனின் பயணத்துக்குத் தோள் கொடுத்தன.

அந்த நெடிய மரபின் ஒரு கிளை சைபீரியன் ஹஸ்கி. வடகிழக்கு சைபீரியாவின் கடைக்கோடியிலே வாழும் சுக்சி மக்கள் வளர்த்த நாய்களின் வழி வந்தது. குறைந்த சுமை, நீண்ட தொலைவு, சிக்கனமான உணவு - இந்த மூன்றும்தான் அந்த உடலைச் செதுக்கிய உளிகள். 1908-ஆம் ஆண்டு இந்நாய்கள் கடல் கடந்து அலாஸ்காவின் நோம் நகருக்குக் கொண்டுவரப்பட்டன. அங்கே நடைபெற்ற 408 மைல் பந்தயத்திலே, 1909-ஆம் ஆண்டு, இவற்றின் சிறிய உருவத்தைக் கண்டு எள்ளி நகையாடியோர் பலர். மறு ஆண்டே, 1910-இல், ஜான் ஜான்சன் என்பவர் ஓட்டிய சைபீரிய நாய்கள் வெற்றி பெற்றன. நகைத்தவர்கள் வாயடைத்தனர். 1930-ஆம் ஆண்டு அமெரிக்க நாய் வளர்ப்புச் சங்கமான அமெரிக்கன் கென்னல் கிளப், ஹஸ்கியைத் தனி இனமாக ஏற்றது.

மற்றொரு கிளை அலாஸ்கன் மாலமியூட். மேற்கு அலாஸ்காவிலே, கோட்செபு வளைகுடாப் பகுதியில் வாழ்ந்த இனுபியாக் மக்களுள் ஒரு பிரிவினரான மாலெமியூட் மக்களின் பெயரையே தாங்கி நிற்பது. ஹஸ்கி விரைவுக்கு என்றால், மாலமியூட் வலிமைக்கு. வேட்டையாடிய இறைச்சியையும் குடும்பத்தின் தட்டுமுட்டுப் பொருள்களையும் ஏற்றிய வண்டியை மெதுவாக, ஆனால் தளராமல் இழுத்துச் செல்வது அதன் பணி. 1935-ஆம் ஆண்டு இதுவும் தனி இனமாகப் பதிவு பெற்றது.

எடையைப் பாருங்கள்: ஹஸ்கியில் ஆண் 20 முதல் 27 கிலோ, பெண் 16 முதல் 23 கிலோ. மாலமியூட்டிலோ ஆண் ஏறத்தாழ 39 கிலோ, பெண் 34 கிலோ. ஹஸ்கிக்கு நீலக் கண் உண்டு. மாலமியூட்டுக்கு நீலக் கண் இருந்தால் காட்சிப் போட்டியிலே தள்ளிவிடுவர். ஹஸ்கி வேலியின் மேலே தாவும், கீழே தோண்டும். கதவு திறந்திருக்கும் ஒரு நொடியிலே காற்றாய்ப் பறந்துவிடும். மாலமியூட் கயிற்றை இழுத்தால், பிடித்திருப்பவர் தோள்மூட்டு அதன் வலிமைக்குச் சான்று கூறும். இரண்டுமே குரைப்பதைவிட ஊளையிடுவதிலே நாட்டம் உள்ளவை. புதியவரைக் கண்டால் பகைமை பாராட்டாமல் வாலாட்டி வரவேற்கும் இயல்பினவாகவே பெரும்பாலும் இருப்பதால், வீட்டுக் காவலுக்கு இரண்டுமே ஏற்றவை அல்ல. இரண்டுமே ஆண்டுக்கு இருமுறை அடிமயிரைக் கொத்துக் கொத்தாக உதிர்க்கும். பூனையையும் கோழியையும் இரையாகக் காணும் வேட்டை உணர்வு இரண்டிலுமே உண்டு. மாலமியூட், தன் இனத்திலே தன் பாலைச் சேர்ந்த இன்னொரு நாயுடன் மோதும் போக்கும் உடையது.

ஆகவே, "எது?" என்ற கேள்விக்கு நேரான விடை வேண்டுவோருக்குச் சொல்லிவிடுவோம். குளிர்ந்த நாட்டில் வாழ்ந்து, நாள்தோறும் ஓட விரும்பும் கால்களும், உயர்ந்த வேலியும், பொறுமையும் உடையவர் ஹஸ்கியை எண்ணலாம். அதே குளிரில், மலை ஏறிச் சுமை இழுக்கும் பணியும், பெரிய உடலைக் கட்டுப்படுத்தும் வலிமையும், இளமையிலிருந்தே உறுதியுடன் பழக்கும் திறமும் உடையவர் மாலமியூட்டை எண்ணலாம். தவழும் குழந்தை உள்ள வீட்டிலே, எத்துணை இனிய குணம் உடையதாயினும், 39 கிலோ எடையுள்ள மாலமியூட்டைக் கவனிப்பின்றி விட்டு வைப்பது அறிவுடைமை அல்ல.

இத்துடன் கட்டுரையை முடித்துவிடலாம், தோழர்களே! ஆனால், இது விடையின் பாதிதான். "என் வீட்டுக்கு எந்த நாய் ஏற்றது?" என்பது ஒரு கேள்வி. "அந்த நாய்க்கு என் வீடு ஏற்றதா?" என்பது மற்றொரு கேள்வி. முதற்கேள்வியை நாலு திசையிலும் கேட்கின்றனர். இரண்டாம் கேள்வியைக் கேட்போர் எத்தனை பேர்?

டோகோ என்ற ஹஸ்கியின் கதையைக் கூறுவோம். கற்பனை அல்ல, வரலாறு. நார்வேயிலே பிறந்து அலாஸ்காவிலே புகழ் பெற்ற வண்டியோட்டி லியோனார்டு செப்பாலாவின் கொட்டிலிலே பிறந்த குட்டி அது. சிறியது, நோயுற்றது, குறும்பு மிக்கது. வண்டி இழுக்கத் தகாது என்று கருதி, ஆறு மாதக் குட்டியாய் இருந்தபோது, செல்லப் பிராணியாக ஒரு வீட்டுக்குக் கொடுத்தனர். அங்கே அன்புக்குக் குறைவில்லை. எனினும் என்ன செய்தது அந்தக் குட்டி? மூடியிருந்த சன்னலின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்ந்தது; பல மைல் ஓடி மீண்டும் கொட்டிலுக்கே வந்து சேர்ந்தது!

நம் நாட்டிலே ஒரு பழமொழி வழங்குகிறது: நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது தன் குணத்தையே காட்டும் என்று. நாயை இகழவும், நாயைச் சாக்கிட்டு மனிதரை இகழவும் பயன்பட்டு வந்த பழமொழி. அதைத் திருப்பிக் கேட்போம் நாம்: நடுவீட்டில் வைக்கச் சொல்லி அந்த நாய் உங்களிடம் மனுப் போட்டதா? நடுவீடு உயர்ந்தது, திறந்தவெளி தாழ்ந்தது என்ற தீர்ப்பை எழுதியவர் யார்? நீங்கள்! உங்கள் மேன்மை எது என்பதை அதன்மேல் ஏற்றிவிட்டு, அது ஏற்க மறுத்ததும் இழிந்தது என்று பட்டம் கட்டுகிறீர்கள். டோகோ வெளியேறியது நன்றி கெட்டதனால் அல்ல. தன் உடல் எதற்காக அமைந்ததோ, அந்த வாழ்வை நாடி ஓடிற்று, அவ்வளவுதான்.

அந்த டோகோதான், 12 வயது முதுமையிலே, உலகம் வியக்கும் பணியைச் செய்தது. 1925-ஆம் ஆண்டு ஜனவரியில் நோம் நகரிலே தொண்டை அடைப்பான் நோய் பரவிற்று, குழந்தைகள் மடிந்தனர். டாக்டர் கர்ட்டிஸ் வெல்ச் மருந்து வேண்டித் தந்தி கொடுத்தார். கடல் உறைந்துகிடந்தது, கப்பல் வர வழியில்லை. நெனானாவிலிருந்து நோம் வரை 674 மைல், 20 வண்டியோட்டிகள், ஏறத்தாழ 150 நாய்கள், ஐந்தரை நாள்கள். தொடர் ஓட்டமாக மருந்து வந்து சேர்ந்தது, நகரம் பிழைத்தது. அந்த ஓட்டத்திலே மிக நீண்டதும் மிக ஆபத்தானதுமான பகுதியை, உறைந்த கடலின் மீது, கடந்து காட்டியது செப்பாலாவின் அணி; அதன் முன்னோடி டோகோ. கடைசிப் பகுதியை ஓடி நகருக்குள் நுழைந்தது குன்னார் காசெனின் அணி. அதிலே முன்னணியில் ஓடியது பால்டோ.

கடைசியில் நுழைந்ததற்குப் புகழ் முழுதும் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க் நகரின் சென்ட்ரல் பூங்காவிலே பால்டோவுக்குச் சிலை எழுந்தது. திறப்பு விழாவிற்கு அந்த நாயையே அழைத்து வந்து நிறுத்தினர். கைதட்டினர், களித்தனர், கலைந்தனர். பிறகு?

பிறகுதான் கேளுங்கள் கொடுமையை! இரண்டாண்டுகள்கூட நிறைவுறவில்லை. 1927-ஆம் ஆண்டு, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே, காசு வாங்கிக்கொண்டு வேடிக்கை காட்டும் ஒரு கூடத்திலே, பால்டோவும் உடன் ஓடிய தோழர் நாய்களும் அடைபட்டுக் கிடந்தன. கவனிப்பாரற்று நலிந்து கிடந்தன. ஜார்ஜ் கிம்பிள் என்ற வணிகர் கண்டார், மனம் பதைத்தார். தம் ஊராகிய கிளீவ்லாந்திலே நிதி திரட்டினார். பள்ளிப் பிள்ளைகளும் செப்புக் காசு சேர்த்துக் கொடுத்தனர். 2,000 டாலர் சேர்ந்தது. ஏழு நாய்களும் மீட்கப்பட்டன. 1933-ஆம் ஆண்டு இறக்கும் வரையில் பால்டோ அந்நகர விலங்குக் காட்சிச்சாலையிலே வாழ்ந்தது.

ஒருபுறம் வெண்கலச் சிலை. மறுபுறம் வேடிக்கைக் கூடம்! சிலைக்கு மாலை சூட்டும் கை, சிலைக்குரியவரின் தட்டிலே சோறு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. மனிதர்களிடையே நாம் காணும் அதே கதைதான். புகழ்வது எளிது, பொறுப்பேற்பது அரிது. "ஆகா, எவ்வளவு அழகான நாய்!" என்று வியப்பதும் ஒரு வகைச் சிலை எழுப்புதலே. அழகைக் கண்டு வாங்கியவர், அழகு பழகிப்போனதும் கட்டிப் போட்டுவிடுகிறார்.

இதற்கும் சான்று உண்டு. 2011 முதல் 2019 வரை ஒளிபரப்பாகி உலகெங்கும் புகழ் பெற்ற 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடரிலே பெரிய ஓநாய்கள் இடம்பெற்றன. அவற்றைக் கண்டு மயங்கியவர்கள் அதே சாயல் கொண்ட ஹஸ்கிகளை வாங்கத் தொடங்கினர். வாங்கிய வேகத்திலேயே தெருவிலும் காப்பகத்திலும் விட்டுவிட்டோர் தொகையும் பெருகிற்று. 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டிலே, அத்தொடரின் முன்னணி நடிகர் பீட்டர் டின்க்லேஜ், ஓநாய்ச் சாயலுக்காக ஹஸ்கி வாங்காதீர்கள், காப்பகத்தில் உள்ள நாய்களை ஏற்றுக் கொள்ளுங்கள் என்று பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுத்தார். திரையிலே கண்ட உருவத்தை வீட்டிலே கட்டிவைக்க விரும்பியோர், திரை அணைவது போல் நாயும் அணைந்துவிடும் என்று எண்ணினரோ! நாய் 12 முதல் 14 ஆண்டுகள் வாழும், நாள்தோறும் பசிக்கும்.

அடுத்து, 'தூய இனம்' என்ற பேச்சு. வாங்குவோர் பலர் கேட்கும் முதற்கேள்வி, "சான்றிதழ் உண்டா? தாய் தந்தை இருவரும் தூய வழியா?" என்பது. தூய்மை! இந்தச் சொல்லைக் கேட்டதுமே பகுத்தறிவாளனின் காது விழித்துக்கொள்ள வேண்டும்.

பால்டோவின் பதப்படுத்தப்பட்ட உடல் கிளீவ்லாந்து இயற்கை வரலாற்றுக் கூடத்திலே இருக்கிறது. அதன் தோலிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து ஆராய்ந்த அறிஞர்கள் 2023-ஆம் ஆண்டு தம் முடிவை வெளியிட்டனர். அந்த வீரநாயின் மரபிலே ஒரு பகுதிதான் இன்றைய சைபீரியன் ஹஸ்கியுடன் ஒத்தது. அது பல வழிகள் கலந்த மரபு. இன்றைய இன நாய்களைவிட அதிலே உள்ளினக் கலப்பின் கேடு குறைவு. தீமை பயக்கும் அரிய மரபணு மாற்றங்களும் குறைவு! எந்த நாயின் சிலையைக் காட்டி 'இதுவே எங்கள் இனப் பெருமை' என்று கூறி வந்தனரோ, அந்த நாயே கலப்பின் வலிமைக்குச் சாட்சியாய் வந்து நிற்கிறது!

காரணம் மாயமல்ல, கணக்கு. பதிவேட்டை மூடிவிட்டு, அதிலே உள்ள சில குடும்பங்களுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாய் இணை சேர்த்தால், மறைந்துகிடக்கும் குறைகள் இருபுறமிருந்தும் வந்து கூடும். ஹஸ்கியில் இளமையிலேயே கண்ணில் படரும் பரம்பரைப் புரை. மாலமியூட்டில் இடுப்பு மூட்டுப் பிசகும், கால்களைத் தளரச் செய்யும் நரம்பு நோயும். இவை தூய்மைக்கு உயிர்கள் செலுத்தும் வரி. சான்றிதழ் தாய் தந்தையின் பெயரைச் சொல்லும். நாயின் நலத்தைச் சொல்லாது. ஆகவே, வாங்கியே தீர வேண்டியவர் கேட்க வேண்டியது வம்சாவளி அல்ல. தாய் தந்தையின் கண்ணையும் இடுப்பையும் மருத்துவர் சோதித்தாரா என்பதுதான்.

குணம்கூட இனத்தாலேயே முடிவாகிவிடுவதில்லை. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றித் தகவல் திரட்டி 2022-ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சி, நாய்களின் நடத்தையிலே காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டைத்தான் இனத்தைக்கொண்டு விளக்க முடியும் என்று காட்டிற்று. உரோமத்தின் அடர்த்தி, உடலின் அளவு, ஓடும் திறன் - இவற்றைப் பற்றி இனத்தின் பெயர் நம்பத்தக்க செய்தி தரும். இந்த நாய் சாதுவா, முரடா, கூச்சமா, குறும்பா என்பதைத் தெரிந்துகொள்ள, அந்த நாயையே பார்க்க வேண்டும், பழக வேண்டும். பிறப்பைக் கேட்டுக் குணத்தைத் தீர்மானிப்பது நாயிடத்திலும் பிழை!

இனி, வெப்பத்தின் கதைக்கு வருவோம். இங்கே நம் ஊருக்கும் தொடர்பு உண்டு. ஏனெனில், இந்தப் பனிநாட்டு நாய்கள் சென்னை மாநகரிலும் விற்கப்படுகின்றன, வளர்க்கப்படுகின்றன. நாய்க்கு மனிதனைப் போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து இரைத்து, நாவிலும் மூச்சுப் பாதையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும். காற்றிலே ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால் அந்த வழியும் அடைபடும். மே மாதத்திலே 40 டிகிரியைத் தாண்டும் நாள்களும், கடற்காற்றின் புழுக்கமும் உள்ள நகரிலே, இரட்டை அடுக்கு உரோமம் போர்த்திய உடல் என்ன பாடுபடும்! நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி. 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஊறு. உரோமத்தை மழித்துவிடலாமே என்பர் சிலர். மழித்தால் வெயில் நேரே தோலைச் சுடும். மழித்த உரோமம் முன்போல் வளராமலும் போகலாம்.

"குளிரூட்டிய அறையிலே வைத்திருக்கிறோமே!" என்பர் வசதி படைத்தோர். ஆம், வைத்திருக்கிறீர்கள். பகல் முழுதும் பளிங்குத் தரையிலே, நான்கு சுவருக்குள்ளே. காலையில் கால் மணி, இரவில் கால் மணி வெளியே. பந்தய நாள்களிலே நாளொன்றுக்கு 10,000 கலோரி உணவை எரித்து ஓடத்தக்க உடலுக்கு அரைமணி நேர உலா! அந்த அறைக்குச் சிறை என்று பெயரிட்டால் சினம் கொள்வீர்கள். வேறு என்ன பெயரிடுவது? மின்சாரம் தடைபடும் நாளிலே அந்தச் சிறையின் நிலை என்ன?

"சைபீரியாவில் மட்டும் வெயில் இல்லையோ? 2020-ஆம் ஆண்டு ஜூனில் வெர்கோயான்ஸ்க் நகரிலே 38 டிகிரி பதிவாயிற்றே!" என்று வாதிடுவோரும் உண்டு. உண்மைதான், பதிவாயிற்று. அது உலகையே திடுக்கிடச் செய்த செய்தி, அந்நாட்டின் அன்றாட வாழ்வு அல்ல. சில நாள் வெப்பத்தைத் தாங்குவது வேறு; ஆண்டெல்லாம் அதிலே வாழ்வது வேறு. வெள்ளத்தில் நீந்திப் பிழைத்தவனைப் பார்த்து, நீ இனி ஆற்றிலேயே குடியிரு என்று கூறுவோமா?

மற்றொரு வாதம் சற்று வலுவானது. "வண்டி இழுக்கச் செய்வதுதான் கொடுமை. வேலை வாங்காமல், மெத்தையிலே உட்காரவைத்துச் சோறு போடுவது கருணை அல்லவா?" என்பது அது. பனிப்பாதையை நாம் சொர்க்கமாகச் சித்திரிக்கவில்லை. 1925-இன் அந்த ஓட்டத்திலேயே சில நாய்கள் குளிரிலே மாண்டன. உழைப்பு கடுமையானது, சில வேளை இரக்கமற்றது. ஆனால், ஒன்றை மறக்கலாகாது. சுக்சி மக்களும் இனுபியாக் மக்களும் நாயை நம்பி வாழ்ந்தனர். நாய் அவர்களை நம்பி வாழ்ந்தது. வேட்டை பொய்த்தால் இருவருக்கும் பட்டினி. நாயின் நலம் குன்றினால் குடும்பமே நடுவழியிலே நிற்கும். ஆகவே, நாயின் உடலைப் புரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் அந்த மனிதனுக்கு இருந்தது. இன்றைய வீட்டிலோ, நாய்தான் நம்மை நம்பியிருக்கிறது. நாம் அதை நம்பியில்லை. அது நலிந்தாலும் நம் அடுப்பு எரியும். நம்பிக்கை ஒருபுறமாக ஆகிவிட்ட இடத்திலே, கட்டாயம் போய்விடுகிறது. எஞ்சியிருப்பது கடமை ஒன்றுதான். கட்டாயம் இல்லாதபோதும் நிற்பதற்குத்தான் கடமை என்று பெயர்.

இறுதியாக ஒரு வாதம், எல்லா வாதங்களிலும் பழையது: "அதெல்லாம் பழகிவிடும்!" எத்தனை முறை கேட்டிருக்கிறோம் இந்தச் சொல்லை! இருளிலே கிடந்தோரைக் காட்டி, பழகிவிட்டது என்றனர். பாரம் சுமந்தோரைக் காட்டி, பழகிவிட்டது என்றனர். அடுப்பங்கரையிலே அடைபட்ட பெண்களைக் காட்டி, பழகிவிட்டது என்றனர். பழகிவிட்டது என்பது பொருந்திவிட்டது என்று பொருள்படாது. வேறு வழியில்லை என்பதற்கு அது மறுபெயர். எதிர்ப்புக் குரல் கேட்கவில்லை என்பதைக் கொண்டு இசைவு தந்துவிட்டதாகக் கணக்கெழுதுவது, ஆளுவோர் எல்லோரும் செய்துவந்த தந்திரம். அந்தத் தந்திரத்தை நாட்டிலே எதிர்க்கும் நாம் வீட்டிலே கையாளலாமா?

அப்படியானால் நாயே வளர்க்கக் கூடாதா? அப்படிக் கூறவில்லை நாம். ஆசை வேறு, அன்பு வேறு என்கிறோம். ஆசை, "எனக்கு அது வேண்டும்" என்னும். அன்பு, "அதற்கு என்ன வேண்டும்?" என்று கேட்கும். பனிநாட்டிலே, வெளியும் வேலியும் நேரமும் உடைய குடும்பம், கண்ணும் இடுப்பும் சோதிக்கப்பட்ட ஹஸ்கியையோ மாலமியூட்டையோ மனமுவந்து ஏற்கட்டும். அதைவிட மேலாக, பிறர் வாங்கிச் சலித்துக் காப்பகத்திலே விட்டுச் சென்ற வளர்ந்த நாயை ஏற்கட்டும். அதன் குணம் கண்கூடாகத் தெரியும், மற்றோர் உயிரைச் சந்தைக்கு அழைத்த பழியும் சேராது. புழுக்கம் நிறைந்த நகரிலே, மாடி வீட்டிலே வாழ்பவருக்கு, "ஹஸ்கியா, மாலமியூட்டா?" என்ற கேள்விக்கு நேர்மையான விடை, "இரண்டும் இல்லை" என்பதே. நாய்த் தோழமைதான் வேண்டும் என்றால், இந்த வெயிலிலே பிறந்து, இந்த வெயிலுக்கென அமைந்த உடலோடு, நம் தெருமுனையிலேயே ஒரு பிடி சோற்றுக்கும் ஒரு தடுப்பூசிக்கும் காத்துக் கிடக்கும் நாட்டு நாய் உண்டு. அதற்கு நீலக் கண் இல்லை, சான்றிதழ் இல்லை, திரைப்புகழ் இல்லை. ஊரார் வியக்கமாட்டார்கள். வியப்புக்காகத்தான் வளர்க்கிறோம் என்றால், வளர்ப்பது நாயை அல்ல, நம் பெருமையை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இளைஞர்களே! பெரிய நீதிகளுக்காகப் போராடும் நாள் ஆண்டிலே சில. சிறிய நீதிகளைச் செய்யும் வாய்ப்போ நாள்தோறும் வாயிற்படியில் வந்து நிற்கிறது. மறுக்க முடியாதவரின் சார்பிலே முடிவெடுக்கும் உரிமை நம் கைக்கு வரும்போதெல்லாம், அந்த மறுக்க முடியாதவரின் இடத்திலே ஒரு நொடி நின்று பார்த்துவிட்டு முடிவெடுப்போம். வேண்டாம் என்று சொல்லிக் கடையைவிட்டு வெறுங்கையோடு வெளியேறுவதும் சில வேளைகளிலே அன்பின் செயலேயாகும்.